மூணு தட்டினால் யானை

இங்கேயே உட்காருங்க தங்கச்சி. ஜன்னலோரம் மட்டும் கேட்காதீங்க, அது எனக்கு வேணும். செவ்வாய்க்கிழமை காலையில இந்தக் கூடலூர் பஸ்ல இந்த சீட்டுல நான்தான் உட்காருவேன், கண்டக்டருக்கே தெரியும். இடப்பக்கம், டிரைவருக்குப் பின்னாடி மூணாவது. கடைசி சீட்டுக்குப் போனா, நாம பார்க்கிறதுக்கு முன்னாடியே பஸ் சத்தத்துக்கு மிருகம் காட்டுக்குள்ள போயிருக்கும். அந்தப் பையைக் கொஞ்சம் பார்த்து வைங்க, அதுல களி உருண்டை இருக்கு. கீரைக் கடைசலும் இருக்கு. மூடி சரியா நிக்காது அந்த டப்பாவுக்கு. வரும்போதே துணி சுத்திக் கட்டினேன், இருந்தாலும் பயமா இருக்கு.

கழுத்துல பைனாகுலர் மாட்டியிருக்கீங்க. மிருகம் பார்க்க வந்தீங்களா? கைடு யாரையும் வைக்கலையா?

தனியா பார்க்கத்தான் பிடிக்கும்கிறீங்க. சரிதான். இப்ப எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எந்த வளைவுல எது நிக்கும்னு போன்லயே வந்துடுதாம். அப்புறம் எதுக்குக் கைடு.

இல்லைங்க, கோபம் இல்லை. என் குரலே இப்படித்தான்.

ஒண்ணு செய்வோம். நீங்க வலப்பக்கம் பாருங்க, இடப்பக்கத்தை நான் பார்த்துக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா கத்தாதீங்க, என் கையில தட்டுங்க. எனக்குத் தெரிஞ்சா உங்க கையில தட்டுறேன். ஒண்ணு தட்டினா மான். ரெண்டு தட்டினா காட்டெருமை. மூணு தட்டினா யானை. சிறுத்தை, புலிக்கெல்லாம் தட்டக் கூடாது, இதோ இப்படி உள்ளங்கையை வச்சு அழுத்தணும்.

சிரிக்காதீங்க. மூணு வருஷம் எங்க குடும்பம் அதுலதான் ஓடுச்சு.

பஸ் எடுத்துட்டான். வெளியில பார்த்துக்கிட்டே கேளுங்க, நானும் வெளியில பார்த்துக்கிட்டுத்தான் பேசுவேன். மூஞ்சியைப் பார்க்காம பேசுறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னிக்கு எனக்கு ஏதாவது கண்ணுல பட்டே ஆகணும். மான் போதாது. மயில் போதாது. பெரிசா ஏதாவது வேணும், அதுவும் தொரப்பள்ளி செக்போஸ்ட்டுக்குள்ள. அதுக்கு அப்பால வீடும் கடையும்தான்.

ஏன்னு சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் பேர் நஞ்சுண்டன். மசினகுடியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. காட்டோரத்துல ஒரு விடுதி, அதுல இருபத்தாறு வருஷம் கைடு. நான் அதே விடுதியில சமையல். ஏழாவதோட என் படிப்பு நின்னு போச்சு, எனக்கு வேற என்ன தெரியும், சமைக்கத் தெரியும். காலையில ஜீப்பு ஆத்து வரைக்கும் போயிட்டு வரும். ஆத்தங்கரையில விருந்தாளிங்களுக்கு டீயும் டிபனும். முதல்ல அதையெல்லாம் கூடையில கட்டிக் கொடுத்து அனுப்பிட்டு நான் அடுப்படிக்குத் திரும்பிடுவேன்.

அவருக்கு மூக்கும் காதும் அப்படி. காத்து திரும்பினா நிறுத்தச் சொல்வார். மந்திக்குரங்கு சும்மா கத்துறது எது, சிறுத்தையைப் பார்த்துக் கத்துறது எதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வார். இன்னொண்ணு, கண்ணுல பட்டதை முதல்ல பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் காட்டணும், அவங்க பார்த்து முடிச்ச பிறகுதான் அவர் பார்ப்பார். புதுசா வர்ற கைடுங்க வாயைப் பொளந்துகிட்டுத் தாங்களே பார்த்துட்டு நிப்பாங்க இல்லையா, அவங்களைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குவார். "உன் கண்ணுக்கா கூட்டிட்டு வந்தே? அவங்க கண்ணுக்குக் காட்டுடா."

அந்த மனுஷனுக்குக் கண்ணு போச்சு.

ஒரே நாள்ல போகலைங்க. முதல்ல ஓரம் போச்சு. நேரா பார்த்தா தெரியும், பக்கத்துல இருக்கிறது தெரியாது. சாப்பிட உட்கார்ந்தா தண்ணி டம்ளரைக் கை தட்டிவிடும். நான் திட்டுவேன். கண்ணு எங்கே இருக்குன்னு கேட்பேன். எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

ஒருநாள் அடுப்படிக்கு வந்து நின்னுக்கிட்டு, "மாதேவி, இன்னிக்கு யானை வலப்பக்கம் நின்னுச்சாம், அந்தோணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்"னார். அந்தோணி ஜீப் டிரைவர். "நான் நிறுத்திக்கிறேன் புள்ள. கூடலூருக்குப் போய் அக்கா வீட்டுக் கடையில உட்கார்ந்துக்கிறேன். ஆஸ்பத்திரியிலயும் காட்டிப் பார்ப்போம்" அப்படின்னார்.

நான்தான் வேண்டாம்னேன். இருபத்தாறு வருஷம் பேர் எடுத்த மனுஷன், ஊதுபத்திப் பாக்கெட் எடுத்துக் கொடுக்கிறதா? ஆஸ்பத்திரிக்குப் போனா விஷயம் வெளியில தெரிஞ்சிடும். அவர் மரியாதைக்காகத்தான் சொன்னேன். நான் கூட வர்றேன்னு சொன்னேன். டிபன் சூடு ஆறிடுது, நானே ஜீப்புல வந்து பரிமாறுறேன்னு முதலாளிகிட்ட சொன்னேன், அவரும் சரின்னுட்டார்.

திறந்த ஜீப்பு. அவர் டிரைவருக்குப் பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். அவர் காலடியில நான் கூடையோட உட்கார்ந்திருப்பேன். விருந்தாளிங்க எனக்குப் பின்னாடி பெஞ்சுல. அவர் மோந்து பார்த்தோ காது கொடுத்துக் கேட்டோ "நிறுத்து"ம்பார். இருக்குன்னு அவருக்குத் தெரியும். எங்கேன்னு தெரியாது. அதை நான் தேடிக் கண்டுபிடிச்சுக் கெண்டைக்கால்ல தட்டுவேன். இடது கால்ல தட்டினா இடப்பக்கம், வலது கால்ல தட்டினா வலப்பக்கம். ஒண்ணு, ரெண்டு, மூணு. உடனே கையை நீட்டி, "அதோ பாருங்க"ம்பார். அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். விருந்தாளிங்க அசந்து போவாங்க. "ஐயா பார்க்காமலே காட்டுறார் பாருங்க"ன்னு ஒருத்தர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் தட்டின அதே கால்.

தெப்பக்காடு பாலம் வந்தாச்சு. நீங்க ஆத்துப் பக்கம் நல்லாப் பாருங்க. ஒண்ணும் இல்லையா? வெயில் ஏறுறதுக்குள்ள தண்ணிக்கு வரணுமே. அந்த டப்பா சாயுதா பாருங்க கொஞ்சம்.

அந்த மூணு வருஷம். எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கல்யாணமாகி வந்ததுல இருந்து காட்டுக்குப் பக்கத்துலயே இருந்திருக்கேன், காட்டைப் பார்த்ததில்லை. அடுப்புப் புகையைத்தான் பார்த்திருக்கேன். அந்த மூணு வருஷத்துல எனக்கு என்ன என்ன தெரிஞ்சுச்சு. மூங்கில் ஆடுறதுல காத்துக்கு ஆடுறது வேற, யானை இழுக்கிறப்ப ஆடுறது வேற. காட்டெருமைக்குக் கால் மட்டும் வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி; நிழல்ல முதல்ல அந்தக் காலைத்தான் தேடணும். வீட்டுக்கு வந்தா, "இன்னிக்கு ரெண்டாவது தட்டுக்கு ஏன் தாமதம்?"னு அவர் கேட்பார். நான் என்ன பார்த்தேன்னு ஒண்ணு விடாம சொல்வேன். கொம்பு எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சு, குட்டி எங்கே நின்னுச்சுன்னு கேட்டுக்கிட்டே சாப்பிடுவார். இன்னும் சொல்லு, இன்னும் சொல்லும்பார். இருபது வருஷத்துல என்கிட்ட அவர் அவ்வளவு பேசினதில்லை. கூடலூருக்குப் போயிடலாமான்னு நடுவுல ரெண்டு தடவை கேட்டார்தான். அப்புறம் பார்க்கலாம்னு சொல்லி வச்சேன்.

இப்ப கண் டாக்டர் சொல்றார், ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இருக்கிற பார்வையையாவது நிறுத்தியிருக்கலாமாம். கண்ணுக்குள்ள நீர் அழுத்தமாம். இப்ப வந்து சொல்றார் பாருங்க. அப்பவே யாராவது சொல்லியிருந்தா நாங்க போயிருக்க மாட்டோமா?

சரி. அதை விடுங்க. நடந்ததைச் சொல்றேன்.

போன வருஷம் ஐப்பசியில கரூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்துச்சு. புருஷன், பொண்டாட்டி, புருஷனோட அம்மா. அந்த அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். சிறுத்தை பார்க்கணும்னு மூணாவது தடவையா வந்திருக்காங்க. ராத்திரி சாப்பாட்டுல நான் பரிமாறிக்கிட்டு இருக்கேன். அந்தப் புருஷன் விளையாட்டா, "ஏன் ஐயா, தினம் கூட வர்றாங்களே, உங்க வீட்டம்மாவும் மிருகத்தைக் கண்டுபிடிப்பாங்களோ?"ன்னு கேட்டார்.

எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். "இவளா? எருமை பக்கத்துல வந்து உரசினாலும், யாருங்க நீங்கன்னு கேட்பா" அப்படின்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே ரசம் ஊத்தினேன்.

அவர் வேற என்ன சொல்ல முடியும், சொல்லுங்க. மறைக்கணும் இல்லையா. அது எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை.

மறுநாள் காலையில ஜீப்பு போகுது. ஆத்துக்கு முன்னாடி ஒரு பாறைமேடு. மந்தி கத்துச்சு. "நிறுத்து அந்தோணி"ன்னார். "சிறுத்தை. இங்கேதான் இருக்கு, பக்கத்துலயே இருக்கு. யாரும் அசையாதீங்க." அந்தக் கிழவி சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டாங்க. அவர் நிக்கிறார். என் உள்ளங்கைக்காக நிக்கிறார்.

எனக்கு அந்த நேரம் பார்த்துக் கூடை சரிஞ்சுது. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். அழுத்த முடியலை. அதுக்குள்ள அவர் என்ன நினைச்சாரோ, "போயிடுச்சு. வண்டியை எடு"ன்னுட்டார்.

அந்த அம்மா சொன்னாங்க: "ஐயா, அதோ பாறை மேலயே படுத்திருக்கே. வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு. உங்களுக்குத் தெரியலையா?"

ஆமா. இடப்பக்கப் பாறை மேல. முப்பது அடி இருக்குமா. வெயில் காய்ஞ்சுக்கிட்டு எங்களையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரர், "ஆமாமா, அதோ, அதோ"ன்னு கையை நீட்டினார். வலப்பக்கம் நீட்டினார் தங்கச்சி. ஒண்ணுமே இல்லாத பக்கம். விருந்தாளிங்க எல்லாரும் அந்தக் கையைப் பார்க்கிறாங்க, பாறையைப் பார்க்கிறாங்க. அந்தோணி திரும்பி என்னைப் பார்த்தான். நீட்டின கை அப்படியே நிக்குது. மடக்கவும் தெரியலை அவருக்கு.

இருங்க.

இல்லை, ஒண்ணுமில்லை. தொண்டை அடைச்சுடுச்சு. நீங்க அந்தப் பக்கமே பாருங்க, கார்குடி தாண்டி இந்த வளைவுல வலப்பக்கம்தான் அடிக்கடி நிக்கும். நான் பார்த்துக்கிறேன் இந்தப் பக்கம். என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? கை. ஆமா, கை.

அந்தக் கையை மெதுவா இறக்கினார். குனிஞ்சார். என் தலையைத் தொட்டு, தோளைத் தொட்டு, அப்படியே தடவிக்கிட்டு வந்து, கூடைப்பிடியில என் ரெண்டு கையும் இருக்கிறதைத் தொட்டுப் பார்த்தார். பிடிச்ச பிடி எவ்வளவு இறுக்கமா இருந்துச்சுன்னும் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்துட்டார்.

கூடை சரியலை.

உங்ககிட்ட எதுக்குப் பொய். நீங்க யாரோ, நான் யாரோ. கூடை அது பாட்டுக்கு இருந்துச்சு. ஜீப்பு நின்னதுமே நான் சிறுத்தையைப் பார்த்துட்டேன். அவர் காலால என் முட்டியில ஒரு தடவை இடிச்சார், எங்கேன்னு கேட்கிற மாதிரி. நான் பேசாம இருந்தேன். இன்னொரு தடவை இடிச்சார். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, "மாதேவி, எங்கே?"ன்னு அவர் கேட்கட்டும்னு நினைச்சேன். மெதுவாக் கேட்டாக்கூடப் போதும். கேட்டிருந்தா அழுத்தியிருப்பேன். அவ்வளவுதான் தங்கச்சி. நான் வேற எதுவும் கேட்கலை.

விடுதிக்கு வந்தோம். காக்கிச் சட்டையைக் கழட்டி மடிச்சார். நேரா முதலாளிகிட்ட போனார். "எனக்கு மூணு வருஷமாக் கண்ணு தெரியாதுங்க. பார்த்ததெல்லாம் இவதான். இனிமே இவளையே அனுப்புங்க"ன்னார். முதலாளி நல்ல மனுஷன், வாசல் கேட்டுல காவலுக்கு உட்காருன்னு எவ்வளவோ சொன்னார். இவர் கேட்கலை. ரெண்டாவது நாள் நாத்தனார் வந்து கூடலூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பஸ் ஏறும்போது கையைக் கொடுத்தேன். அவர் படிக்கட்டுக் கம்பியைத் தேடிப் பிடிச்சுக்கிட்டார்.

என்னை அனுப்பினாங்களே ஒருநாள், கைடா. போனேன். அவர் நிக்கிற இடத்துல நின்னேன். மானும் மயிலும்தான் தெரிஞ்சுச்சு. அவர் இருக்குன்னு சொன்னாத்தானே எனக்கு எங்கேன்னு தேடத் தெரியும்? திரும்பவும் அடுப்படிக்கே போயிட்டேன்.

எட்டு மாசம் ஆகுது. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. வாரா வாரம் போறேன். அவர் கொல்லைப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்துல உட்கார்ந்து, பஸ்ல வரும்போது என்ன பார்த்தேன்னு சொல்வேன். பதில் வராது. தலைகூட அசையாது. முதல் மாசம் ஒரு ஒத்தை யானை பார்த்தேன். தந்தம் எப்படி, எந்தக் கால்ல சேறு, எல்லாம் சொன்னேன். பேசலை. ஆனா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுற நேரம் வந்ததும், எப்பவும் அக்காவைக் கூப்பிடுறவர் அன்னிக்குக் கூப்பிடலை. முகத்தைத் தூக்கிக் காட்டினார். நான்தான் விட்டேன். என் கை அவர் நெத்தியில பட்டுச்சு.

அதை நினைச்சுக்கிட்டே அடுத்தடுத்து போறேன், ஒண்ணும் கண்ணுல படலை. மான் கதையைச் சொன்னா அவர் மருந்துக்கு அக்காவைக் கூப்பிடுறார். மூணு மாசம் பொறுத்தேன். அப்புறம் ஒருநாள், கார்குடி வளைவுல சிறுத்தை ரோட்டைத் தாண்டுச்சுன்னு சொல்லிட்டேன்.

அப்பத்தான் பேசினார். "மந்தி கத்துச்சா?"ன்னு கேட்டார். எனக்கு உயிரே வந்துச்சு. கத்துச்சு, நல்லாக் கத்துச்சுன்னேன். "பஸ் சத்தத்துல உனக்குக் கேட்டுச்சா?"ன்னார்.

அவ்வளவுதான். எட்டு மாசத்துல அவர் பேசினது அது ரெண்டுதான். அதுக்கப்புறம் நான் பொய் சொல்றதில்லை. அவருக்குத் தெரிஞ்சுடும்.

இந்த ஞாயித்துக்கிழமை நாத்தனார் மகன் வந்து அவரைத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறான். அங்கே ஆஸ்பத்திரி பக்கமாம். அங்கே போயிட்டா நான் என்ன சொல்ல முடியும்? வழியில பனியன் கம்பெனி பார்த்தேன்னா? இன்னிக்கு ஒருநாள்தான் இருக்கு. இன்னிக்கு அவர் முகத்தைத் தூக்கினார்னா, வாங்க வீட்டுக்குப் போகலாம்னு கேட்டுடுவேன். மருந்து விடுற அந்த நேரத்துக்குள்ள கேட்டுடணும்.

செக்போஸ்ட் வந்துடுச்சு. காடு முடிஞ்சுது.

உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா? பாவம், அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. பைனாகுலரை எடுக்கக்கூட இல்லை.

என் மூஞ்சியை எதுக்கு அப்படிப் பார்க்கிறீங்க?

சரி, சொல்லிடுறேன். நான் பார்த்தேன். தொண்டை அடைச்சுதுன்னு நிறுத்தினேனே, அந்த வளைவுல. உண்ணிச்செடிக்குப் பின்னாடி, பொட்டை யானை. இடது காதுல ஓரம் கிழிஞ்சு மடங்கியிருந்துச்சு. முட்டி வரைக்கும் சேறு, காய்ஞ்ச சேறு இல்லை, ஈரம். வயித்துக்குக் கீழே குட்டி. குட்டி தும்பிக்கையை அம்மா கால்ல சுத்தி வச்சிருந்துச்சு. நான் பார்த்தது ஒரு மூச்சு விடுற நேரம்தான். எல்லாத்தையும் பார்த்துட்டேன்.

தட்டுறேன்னு சொன்னேன்தான். எப்படித் தட்டுறது? நீங்க எழுந்திருப்பீங்க, பின்னாடி இருக்கிறவங்க எழுந்திருப்பாங்க, டிரைவர் நிறுத்துவார், ஆளுக்கு ஒரு போட்டோ எடுப்பாங்க. அது உள்ளே போயிருக்கும். நான் காதைப் பார்த்திருக்க முடியாது, குட்டியைப் பார்த்திருக்க முடியாது. உங்களுக்கு என்ன, நாளைக்கு ஒரு கைடு வச்சுக்கிட்டுப் போனா நாலு யானை பார்ப்பீங்க. எனக்கு இது ஒண்ணுதான் தங்கச்சி. கோவிச்சுக்காதீங்க. இதை அவர்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன்.

ஆனா அவர் கேட்பார். இப்பத்தான் தோணுது. எல்லாத்தையும் கேட்டுட்டு, "பக்கத்துல யார் இருந்தாங்க? அவங்களுக்குக் காட்டினியா?"ன்னு கேட்பார். கட்டாயம் கேட்பார். காட்டினேன்னு சொன்னா, குரல்லயே கண்டுபிடிச்சுடுவார். காட்டலைன்னு எப்படிச் சொல்றது? அவர்கிட்ட போய், இன்னொரு தடவை, காட்டலைன்னு?

பஸ் ஸ்டாண்டு வந்துடும் இப்ப. அந்தப் பையைக் கொடுங்க. டப்பா நல்லாத்தான் இருக்கு, சிந்தலை.

உங்க கையைக் கொஞ்சம் நீட்டுங்க. இடது கை. இடப்பக்கம்தானே நின்னுச்சு.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

தட்டிட்டேன். தட்டினேன்னு சொன்னா, இனிமே அது பொய் இல்லையே. இல்லையா தங்கச்சி?